தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?

ஈஜிபுரா செல்போன் கடை பெஞ்சில் ஒரு மாலை நேரப் பேச்சு

மாலை 7 மணி. ஈஜிபுரா கடைத்தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. கோரமங்களா பக்கம் கட்டிட வேலைக்குப் போனவர்கள், பெயிண்ட் அடிக்கப் போனவர்கள், ஆபீஸ் முடிந்து பஸ்சில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் வீடு திரும்பும் நேரம்.

கடைத்தெருவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. 6 அடி அகலம் இருந்தால் அதிகம். உள்ளே ஒரு மேஜை. அதன்மேல் ஈயம் பற்ற வைக்கும் கருவி, ஒரு பூதக்கண்ணாடி, வயிற்றைத் திறந்து போட்ட நாலைந்து போன்கள். கடைக்காரருக்கு ஊர் தர்மபுரி பக்கம். கடை வாசலில் ஒரு மரப் பெஞ்சு. அதில் இடம் பிடிக்க எப்போதும் போட்டிதான். ரிப்பேருக்கு வந்தவர்கள் பாதிப் பேர். பேச்சுக்காக வந்தவர்கள் மீதிப் பேர்.

டீக்கடை பெஞ்சில் அரசியலும் சினிமாவும் பேசுவார்கள். இந்த பெஞ்சில் பேச்சு வேறு. எந்த போனில் சார்ஜ் நிற்கும்? நனைந்த போனை அரிசியில் புதைத்து வைத்தால் பிழைக்குமா? (பிழைக்காது. அரிசித் தூசி உள்ளே போவதுதான் மிச்சம் என்பது கடைக்காரரின் தீர்ப்பு.) எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா, கூடாதா? இப்படியே இரவு 9 மணி வரை ஓடும்.

அந்த பெஞ்சில் நடந்த ஒரு மாலைப் பேச்சுதான் இது. விளையாட்டாகத் தொடங்கியது. முடியும்போது யாரும் சிரிக்கவில்லை.

"போன் கெட்டுப் போச்சு, தம்பி!"

வந்தவர் ஒரு கொத்தனார். வயது 50க்கு மேல். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர். மனைவியும் மகளும் ஊரில். மகள் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறாள். இவர் இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, மாதா மாதம் பணம் அனுப்புகிறார்.

கையில் இருந்தது பழைய பட்டன் போன். "தம்பி, இது கெட்டுப் போச்சு. பொண்ணு தமிழ்ல எழுதினா கட்டம் கட்டமா வருது. சரி, அது வேணாம்னு இப்ப இங்கிலீஷ்ல எழுதுறா. எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? கொஞ்சம் படிச்சிச் சொல்லு" என்று போனை நீட்டினார்.

கடையில் எடுபிடி வேலை செய்யும் பையன் வாங்கிப் பார்த்தான். அது இங்கிலீஷ் அல்ல. தமிழ்தான். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பையன் வழக்கம்போல உரக்கப் படிக்கத் தொடங்கினான்.

"அப்பா, பீஸ் கட்டியாச்சு. அம்மா கம்மல அடகு வச்சாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க. நீங்க கவலப்படுவீங்கன்னு..."

பையன் நிறுத்திக்கொண்டான். பெஞ்சில் இருந்த 5 பேரும் கேட்டுவிட்டார்கள். கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் அப்பாவுக்கு மட்டும் எழுதியது அது. ஆனால் அப்பாவுக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது!

தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான் அவர். 5ஆம் வகுப்பு வரை படித்தவர். பஸ் போர்டு படிப்பார், தினமும் பேப்பர் படிப்பார். மகளும் தமிழ் தெரிந்தவள். இருவருக்கும் நடுவில் நின்று தடுத்தது அந்தக் கட்டம்தான். அது ஏன் வருகிறது?

எல்லாம் எண்கள்தான்

பெஞ்சில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியரும் இருந்தார். ஆம்பூர் பக்கத்து இளைஞர். அவர்தான் விளக்கினார்.

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எழுத்தே தெரியாது. தெரிந்ததெல்லாம் எண்கள்தான். ஆங்கில 'ஏ' என்ற பெரிய எழுத்துக்கு 65 என்று ஓர் எண். அதை அனுப்பினால், எதிர்ப்பக்கத்து எந்திரம் 65 என்று படித்து, தன்னிடம் உள்ள எழுத்துப் பெட்டியில் இருந்து அந்த எழுத்தை எடுத்துக் காட்டும்.

தமிழுக்கும் அப்படியே. 'அ' என்றால் 2949. 'க' என்றால் 2965. ஊரில் இருந்து மகள் 'க' என்று அனுப்பினால் 2965 என்ற எண் ஈஜிபுராவுக்கு ஒழுங்காக வந்து சேருகிறது. ஆனால் கொத்தனாரின் பழைய போனில் தமிழ் எழுத்துப் பெட்டியே இல்லை. எண் வந்துவிட்டது, காட்டுவதற்குப் படம் இல்லை. அதற்கு அடையாளமாக ஒரு வெறும் கட்டத்தைப் போடுகிறது.

"மணியார்டர் வந்திடுச்சு, போஸ்ட்மேன் கையில சில்லறை இல்லை. அவ்வளவுதான் அண்ணே" என்றார் இளைஞர்.

ஆளுக்கு ஒரு எண்!

இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? நெடுநாள் அப்படி இல்லை.

1980களில் வெளிநாட்டுத் தமிழர்கள்தான் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத முதலில் முயன்றவர்களில் முக்கியமானவர்கள். கனடாவில் கு. சீனிவாசன் 1984ல் 'ஆதமி' என்ற மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ல் 'முரசு' மென்பொருளைக் கொண்டுவந்தார். பிறகு ஆளுக்கு ஒரு எழுத்து முறை, ஆளுக்கு ஒரு எண் வரிசை என்று பெருகியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு பத்திரிகையை இணையத்தில் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த பத்திரிகைக்கு வேறு எழுத்துரு என்று தனித்தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய காலம் ஒன்று இருந்தது.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்றைச் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ் எழுத்தும் இணையத்தில் ஏறியது. அதற்குப் பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. சாவிப் பலகைக்கு ஒரு பொது முறை அங்கே உருவானது. அதுதான் 'தமிழ் 99'.

எண் சண்டைக்கு முடிவு கட்டியது 'யுனிகோடு' என்ற உலகப் பொது முறை. 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ஆனால் அது நடைமுறையில் பரவ ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யுனிகோடையும் 'டேஸ் 16' என்ற முறையையும் ஏற்று ஆணையிட்டது.

டைப்ரைட்டிங் சாரின் சந்தேகம்

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரியவர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். 1970களில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் 'ஹையர்' பாஸ் செய்தவர். எல்லாரும் அவரை 'சார்' என்பார்கள்.

"இருப்பது 247 எழுத்து. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம். 128 இடத்தில் எப்படி அடங்கும்?" என்று மடக்கினார்.

கேள்வி சரியானதுதான். ஆனால் அதற்கு விடை அவருடைய பழைய டைப்ரைட்டரிலேயே இருந்தது. அதில் 247 சாவியா இருந்தது? நாற்பது சொச்சம் சாவிகள்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன இரா. முத்தையா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தபோது பட்ட பாடும் இதற்காகத்தான். இத்தனை எழுத்தை அத்தனை சிறிய பலகையில் எப்படி அடக்குவது? அவருடைய எந்திரம் ஜெர்மனியில் தயாராகி வந்தது.

1978ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தமும் பெரிய உதவி செய்தது. பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் கையாண்ட முறை அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் அதன்பிறகே இன்றைய வடிவத்துக்கு வந்தன. யானைத் துதிக்கை போட்டு எழுதிய பழைய 'லை'யை சார் இன்னும் மறக்கவில்லை. அந்தத் துதிக்கை போனதால் தனி அச்சு, தனிச் சாவி என்ற தொல்லையும் போயிற்று.

யுனிகோடும் அப்படித்தான். 'க'வுக்கு ஓர் எண். கொம்புக்கு ஓர் எண். சேர்ந்தால் 'கெ'.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டைப்ரைட்டரில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யுனிகோடில் முதலில் 'க', பிறகு கொம்பு. காதுக்குக் கேட்கும் வரிசை இது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எந்திரத்தின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய போன்களில் கொம்பு பின்னால் போய் நிற்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுத்து இருக்கும், ஆனால் உடைந்து கிடக்கும்.

"அதானே பார்த்தேன். 40 வருஷம் கொம்பை முன்னால அடிச்ச கை. போன்ல எழுதினா தப்புத் தப்பா வருது!" என்று சார் சிரித்தார்.

தமிழ் 99 முறையில் இடது கைப் பக்கம் உயிர் எழுத்துகள், வலது கைப் பக்கம் மெய் எழுத்துகள். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று 4 தட்டுதான். நடுவில் உள்ள புள்ளியை எந்திரமே வைத்துக்கொள்ளும்.

ஈஜிபுரா 4 எழுத்தா, 7 எழுத்தா?

கட்டத்துக்கு அடுத்தபடி காசு. பட்டன் போனில் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடுகிறதே, ஏன்?

ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு ஒதுக்கிய இடம் ஒரே அளவுதான். ஆங்கில எழுத்து சிறிய மூட்டை. 160 மூட்டை அடங்கும். தமிழ் போன்ற மொழிகளுக்குப் பெரிய மூட்டை தேவை; 70தான் அடங்கும். அந்த 70லும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி மூட்டை.

'ஈஜிபுரா' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு 4 எழுத்து. போனுக்கு 7. ஈ ஒன்று. ஜ, அதன் விசிறி, ப, அதன் உகரக் குறி, ர, அதன் கால் என்று 6. ஆக 7. 70ஐத் தாண்டினால் இரண்டாவது எஸ்.எம்.எஸ். கணக்கு ஏறும். பலரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகியதற்கு இந்தக் கட்டமும் இந்தக் கணக்கும் முக்கியக் காரணங்கள்.

வாட்ஸ்அப் வந்தபிறகு இந்தக் கணக்கு ஒழிந்தது. ஆனால் பழக்கம் ஒழியவில்லை. இன்று தமிழ் நன்றாகத் தெரியும் போனிலும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

பெங்களூரில் பிறந்த கருவி

எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையாளக் கூடிய ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று முதலில் நினைத்த ஊர்களில் நம் பெங்களூரும் ஒன்று. அதன் பெயர் 'சிம்ப்யூட்டர்'. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் 'என்கோர்' நிறுவனத்து எஞ்சினியர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2001ல் மாதிரிக் கருவி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும். இந்திய மொழிகளில் எழுத்தைக் காட்டும், வாய்விட்டுப் படித்தும் சொல்லும். 2004ல் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தயாரித்துக் கொடுத்தது நம்மவர்கள் பலர் வேலை பார்த்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ்.

விலை சுமார் 10 ஆயிரம் ரூபாய். அன்றைய ஏழைக்கு அது எட்டாத விலை. சில ஆயிரம் கருவிகளே விற்றன. அதற்குள் செல்போன் மலிந்து, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஐபோன் வந்தது 2007ல்தான். பக்கத்துக் கோரமங்களாவில் ஒரு குடியிருப்பு வீட்டில் 'பிளிப்கார்ட்' தொடங்கியதும் அதே ஆண்டுதான். அதற்கெல்லாம் முன்பே பெங்களூர் யோசித்துவிட்டது.

செல்போனில் தமிழ் எழுத முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் அறிமுகமானது. இந்தியாவில் விற்கும் போன்கள் அரசியல் சட்ட அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் காட்ட வேண்டும் என்றும், ஆங்கிலம், இந்தி, கூடவே இன்னொரு இந்திய மொழியில் எழுத வசதி வேண்டும் என்றும் மத்திய அரசு 2016ல் அறிவிக்கை வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பழைய போன்களில்தான் கட்டம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கொத்தனாரின் போன் அந்த ரகம்.

போன் எண்தான் முகவரி

"பழைய போனைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமே மேஸ்திரி?" என்றார் கடைக்காரர்.

கொத்தனார் தயங்கினார். போனை மாற்றினால் எண் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்த எண் ஊரில் அத்தனை பேரிடமும் இருக்கிறது. மேஸ்திரிகளிடம் இருக்கிறது. பாங்கியில் இருக்கிறது.

அந்த பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. வேலைக்காக வந்தவர்களுக்கு வாடகை அறை மாறும், தெரு மாறும். ஈஜிபுராவுக்கு இது நன்றாகத் தெரியும். நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு இருந்த இடத்தில் தங்கியிருந்த ஏராளமான குடும்பங்கள் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டன. அவர்களுடைய கதவு எண் ஒரே வாரத்தில் இல்லாமல் போயிற்று. மாறாமல் கூடவே வருவது போன் எண் ஒன்றுதான்.

எண் போனில் இல்லை, உள்ளே இருக்கும் சிம் கார்டில் இருக்கிறது. அதை எடுத்துப் புதுப் போனில் போட்டால் அதே எண்தான் என்று கடைக்காரர் கழற்றியே காட்டினார். கொத்தனார் முகம் தெளிந்தது.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். போனைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதில் வெட்கம் மட்டும் அல்ல, ஆபத்தும் இருக்கிறது. மகள் எழுதுவது வரும் அதே பெட்டிக்குத்தான் பாங்கி அனுப்பும் ரகசிய எண்ணும், அதாவது ஓ.டி.பி.யும், வருகிறது. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும்.

பேசினால் எழுதும், எழுதினால் பேசும்

எழுத்துக் கூட்டத் தெரியாதவர் என்ன செய்வது? அதற்கும் வழி வந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், பேசினால் எழுதும் வசதியைத் தமிழ், கன்னடம் உள்பட மேலும் 8 இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. ஏராளமான பேர் பேசிய ஒலிகளைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, இந்த ஒலிக்கு இந்தச் சொல் என்று ஊகிக்க வைக்கும் முறை அது. எழுதியதைப் படித்துக் காட்டும் வேலையையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கும் கன்னடத்துக்கும் செய்தது. பார்வையற்றோர் புத்தகம் படிக்க அது கைகொடுத்தது.

ஆனால் பெங்களூர்த் தமிழிடம் எந்திரம் கொஞ்சம் திணறும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று பாதியில் கன்னடம் புகுந்துவிட்டால் அது விழிக்கும். நிறுத்தி, நிதானமாகப் பேச வேண்டும்.

இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னொரு விதத்தில் முக்கியம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். வீட்டில் பேசத் தமிழ். எழுதத் தமிழ் இல்லை. போனில் தமிழ்ச் சாவிப் பலகையைப் போட்டுக் கொடுத்து, "ஊர்ல இருக்கிற தாத்தாவுக்கு ஒரு வரி எழுது" என்று சொன்னால் எழுத்து ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். வழி சுலபம். போனின் 'செட்டிங்ஸ்' பகுதியில் மொழி, 'கீபோர்டு' என்று இருக்கும் இடத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். பெரும்பாலான போன்களில் இதற்குக் காசு கிடையாது.

முதல் வரி

அடுத்த வாரம் சம்பளம் வாங்கியதும் கொத்தனார் மறுபடி கடைக்கு வந்தார். தமிழ் தெரியும் புது பட்டன் போன் ஒன்று வாங்கினார். இரண்டு நாள் கூலி ஆயிற்று. பழைய சிம்மைக் கடைக்காரர் மாற்றிப் போட்டார். ஊருக்குப் போன் செய்து, "பாப்பா, இனிமே தமிழ்லயே எழுது. இங்கிலீஷ் எழுத்து வேணாம். நானே படிச்சுக்கிறேன்" என்றார்.

10 நிமிடம் கழித்து போன் மணி அடித்தது. கடைப் பையன் பழக்கத்தில் கையை நீட்டினான். கொத்தனார் கொடுக்கவில்லை. எழுந்து, எதிர்க் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் உள்ள படியில் போய் உட்கார்ந்தார். கண்ணுக்கு அருகே போனை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

பிறகு விரலால் தேடித் தேடிப் பதில் எழுதினார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்:

"சார், கம்மலுக்கு எந்த 'ல' போடணும்? சின்ன 'ல'வா, பெரிய 'ள'வா?"

"சின்ன 'ல' மேஸ்திரி" என்றார் சார்.

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.